மேக்ரோவுக்குப் பயந்த பெண்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி மறந்தும் போகிறது.

டோம்பிவிலியிலிருந்து வரும் ரயிலில், மடியில் லேப்டாப்போடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அளவு கணக்கிடும் புரோகிராம் செய்கிறவளாம்.

"பழைய ஆளுங்க மேக்ரோன்னு ஒரு சுருக்குச் சொல் எழுதி வச்சிருக்காங்க ஆச்சி. புரோகிராமைக் கட்டுற புது டூல் அதுக்கு வேற அர்த்தம் எடுத்துக்கிடுது. தப்புன்னும் காட்ட மாட்டேங்குது. இன்னைக்கே அனுப்பணும்ங்காரு மேனேஜர்."

கூச்சத்தோடு சொன்னேன்: "டாக்டர் இந்தியில 'கல்'னு நாளைக்கு வரச் சொன்னாரு. நான் வயித்துல கல்லுன்னு பயந்து, நர்ஸ்கிட்ட கேட்டேம்மா."

அவள் சிரிக்கவில்லை. "நீங்க பயந்தீங்க, கேட்டீங்க. மெஷின் பயப்படவும் செய்யாது, கேக்கவும் செய்யாது ஆச்சி."

சயான் ஸ்டேஷனில் நான் இறங்கிவிட்டேன். இப்போது, ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரில் அளவு பார்த்துக் கொடுத்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண் மேக்ரோவைத் திருத்தித்தான் அனுப்பினாளா என்று, விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.