காற்றை வெளியேற்றிய மூன்று நாள்

யுத்த காலத்தில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் ஐஸ் பாக்டரியில் மெஷின் மேஸ்திரியாக இருந்தேன். என் ஆயுசுக் கோபத்தில் பாதியை அங்கேதான் செலவழித்தேன். மெஷின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அது கேள்வி கேட்காது.

முதலாளி நாமக்கல் பக்கத்துத் தோட்டக்காரர். நிலக்கடலையில் வந்த பணத்தை ஐஸில் போட்டிருந்தார். கண்ணால் பார்க்கிற பொருளைத்தான் நம்புவார். அந்த வருஷம் கோடைக்கு முன்னால் குளிர்க்குழாய்கள் துருவேறிப்போய், பாதிக்கு மேல் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றியும் விட்டோம். பாக்கி இருந்தது, குளிரைக் கொடுக்கிற அமோனியாவை அவற்றில் நிரப்புவதுதான். யுத்தத்தில் அமோனியா எங்கே கிடைக்கிறது? மெட்ராஸுக்கு நாலு நடை நடந்து, யார் யார் காலையோ பிடித்து, ஒரே ஒரு சிலிண்டர் ரயிலில் வந்து இறங்கியது.

“ஏனுங்க மேஸ்திரி, இது ஒண்ணுதானுங்க. இதுவும் வீணாப் போச்சுன்னா சண்டை முடியற வரைக்கும் பூட்டுப் போட்டுட்டு நா ஊட்டுக்குப் போயிருவேன்” என்றார் முதலாளி. அவர் சொன்னால் செய்கிறவர்.

பூட்டினால் எனக்கு நஷ்டமில்லை. மேட்டூரிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நஷ்டம் எஞ்சின் டிரைவருக்கு. அம்மாபேட்டை நெசவுக்காரர். நூல் கிடைக்காமல் தறி நின்றுபோய், எங்கள் ஆயில் எஞ்சினை ஓட்ட வந்திருந்தார். அவர் கொண்டுபோகிற கூலியில் வீட்டில் ஏழு பேர் சாப்பிட வேண்டும். சிலிண்டர் வந்த நாளிலிருந்து, “இது போதுமுங்களா, வண்டி ஓடிருமுங்களா?” என்று வேளைக்கு ஒருதரம் கேட்பார். ஓடும் அண்ணா, ஓடும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அமோனியாவை அப்படியே கொண்டுபோய் நிரப்பிவிட முடியாது. கழற்றி மாட்டிய குழாய்க்குள் காற்று நிறைய இருக்கும். அமோனியா அழுத்தத்தில் திரவமாகும், காற்று ஆகாது. குழாயின் மேல்புறத்தில் உட்கார்ந்துகொண்டு நகராது. அழுத்தம் ஏறும், எஞ்சின் முக்கும், ஐஸ் உறையாது. ஆகவே முதலில் கம்ப்ரஸரை ஓட்டி, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். வெற்றிடத்தை அளக்கிற கேஜில் முள் இருபத்தெட்டு அங்குலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வால்வுகளை மூடி, எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மறுநாள் காலைவரை முள் அசையாமல் நின்றால் குழாயில் ஓட்டை இல்லை. இறங்கினால் எங்கேயோ காற்று நுழைகிறது. இவ்வளவுதான் விஷயம். இதை முதலாளிக்கு ஆறு தரம் சொன்னேன்.

“எண்ணெய ஊத்தி எஞ்சின ஓட்டிக் காத்தப் புடிக்கறீங்களா?”

“புடிக்கலீங்க மொதலாளி. வெளிய தள்றேன்.”

“வெளிய ஏற்கெனவே வேணுங்கற மட்டும் இருக்குதுங்களே.”

க்ரூடாயிலுக்கு ரேஷன் இருந்த காலம். அவர் வயிற்றெரிச்சலும் எனக்குப் புரிந்தது. ஆனாலும் பக்கத்தில் நின்று ஒவ்வொரு டின்னுக்கும் பெருமூச்சு விட்டால் மனுஷன் எப்படி வேலை செய்வான்?

முதல் நாள் மதியம்வரை ஓட்டி மூடினேன். மூன்று மணிக்குள் முள் நாலு அங்குலம் இறங்கிவிட்டது. ஓட்டையைக் கண்டுபிடிக்க மெழுகுவத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு இணைப்பாகக் காட்டிக்கொண்டு போனேன். காற்று நுழைகிற இடத்தில் சுடர் குழாயை நோக்கிச் சாயும். ஆனால் ஐஸ் எப்போது என்று கேட்க வந்த சோடாக்கடைக்காரர்கள் பத்துப் பேர் சுற்றி நின்று துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். சுடர் எல்லா இடத்திலும் சாய்ந்தது. “பட்டப்பகல்ல வெளிச்சம் பத்தல போல” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எல்லா போல்ட்டையும் கால் சுற்று முடுக்கினேன். வேறென்ன செய்ய.

இரண்டாம் நாள் மறுபடி ஓட்டி மூடினேன். ஒரு மணி நேரத்தில் முள் அரை அங்குலம் இறங்கியது. சரி, சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்போம் என்று வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் பூஜை முடிந்திருந்தது. முதலாளியின் அக்கா ஊரிலிருந்து வந்து, ஒரு வால்வு, ஒரு வளைவு, ஒரு மூட்டு விடாமல் குழைத்த சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, கேஜ் கண்ணாடியின் மேல் மூன்று விரல் திருநீறும் பூசியிருந்தார்கள். முள் தெரியவில்லை.

“நல்ல நேரம் தாண்டிப் போயிருமுங்க, அதான் உங்களுக்குக் காத்திருக்கல” என்றார் முதலாளி.

துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். “வெச்ச திருநீத்தத் தொடைக்கறாரு பாரு” என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முள் நான் விட்டுப்போன இடத்திலேயே நின்றது. சாயங்காலமும் அங்கேயே நின்றது. மூன்றாம் நாள் காலையிலும் அங்கேயேதான்.

“பாத்தீங்களா? எங்கக்கா ஒரு நாழில செஞ்ச காரியத்துக்கு நீங்க ரண்டு நாளு எண்ணெய எரிச்சிருக்கறீங்க” என்றார் முதலாளி.

நான் யோசித்திருக்க வேண்டும். ஒழுகுகிற இணைப்பு தானாக அடைபடாது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். போல்ட் முடுக்கியதில் சரியாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடுக்கிய பிறகும் அரை அங்குலம் இறங்கியதை என் கண்ணே பார்த்திருந்தது.

டிரைவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “ஏனுங்க மேஸ்திரி, இந்தச் சந்தனத்தக் கழுவிட்டு ஒருக்கா பாத்துக்கலாமுங்களா? அதுதான் ஓட்டைல போயி அடச்சிருக்குமோன்னு தோணுதுங்க.”

கழுவினால் அக்கா சத்தம் போடுவார்கள். இன்னொரு நாள் எண்ணெய், இன்னொரு நாள் பெருமூச்சு, ஏழாவது தரம் விளக்கம். எனக்குத் தெம்பில்லை. “நீயும் ஆரம்பிச்சுட்டியா? எஞ்சினப் பாரு, போ” என்று எரிந்து விழுந்தேன். நான் அண்ணா என்று கூப்பிடுகிற மனுஷரை அன்றைக்குத்தான் நீ என்றேன்.

அவர் போய்விட்டார். நான் சிலிண்டரைத் திறந்தேன்.

முக்கால்வாசி உள்ளே போய், குழாயில் அழுத்தம் ஏறியதும், சுவரோரத்து வளைவிலிருந்து சந்தனம் ஒரு பொருக்காகத் தெறித்தது. பின்னாலேயே நெடி. முதலாளி, அக்கா, சோடாக்கடைக்காரர்கள் எல்லோரும் கண்ணீரோடு தெருவுக்கு ஓடினார்கள். நான் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு சிலிண்டரை மூடிவிட்டு, அமோனியா ஒழுகும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிற கந்தகக் குச்சியைக் கொளுத்திப் பிடித்தேன். வளைவின் வார்ப்பிரும்பில் மயிரிழை விரிசல். அங்கே புகை வெள்ளையாகக் கிளம்பியது. போல்ட்டை முடுக்கி அடைக்கிற இடமில்லை. காலையிலேயே கண்டிருந்தால் கழற்றிக் கொண்டுபோய் அரைநாளில் ஒட்டி மாட்டியிருக்கலாம். இப்போது கழற்ற உள்ளே இருப்பதையெல்லாம் விட்டாக வேண்டும். சாயங்காலத்துக்குள் அத்தனையும் செவ்வாய்ப்பேட்டைக் காற்றில் கலந்துவிட்டது. சிலிண்டரில் மிஞ்சியது மெஷினை ஓட்டக் காணாது.

தப்பு என்னுடையது என்று முதலாளியிடம் சொன்னேன். அதையாவது ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாரா?

“ஆமாங்க, உங்க தப்புதான். அந்தத் திருநீத்தத் தொடச்சிருக்கக் கூடாதுங்க” என்றார். மறுநாள் பூட்டைத் தொங்கவிட்டார்.

டிரைவர் கூலியை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. அந்த நேரத்திலும் அவர்மேல்தான் பாய்ந்தேன்.

“தெரிஞ்சிருக்குதல்ல? என்னக் கேக்காம ஒரு வாளித் தண்ணிய ஊத்தியிருந்தா என்னண்ணா?”

“கேட்டனுங்க. நீங்க எஞ்சினப் பாருன்னீங்க. எஞ்சினத்தான் பாத்துட்டிருந்தனுங்க” என்றார். குரலில் கோபமே இல்லை.

அடுத்த வாரம் நான் மேட்டூரில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் வெள்ளைக்கல் சுரங்கத்தில் கல் உடைக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.