மூக்கு சாரும் காலையில் ஊற்றிய எண்ணெயும்

இருபத்தாறு வருஷம் நகராட்சியில் உணவு ஆய்வாளராக இருந்தவர் மூக்கு சார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. கொதிக்கும் சட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்று மூக்கை நீட்டினால் போதும், எண்ணெய்க்கு என்ன வயசு என்று சொல்லிவிடுவார். ஊரில் அவருக்குப் பயப்படாத சட்டியே கிடையாது.

அப்பேர்ப்பட்டவருக்குப் பொரித்த மாவு என்றால் உயிர். ஆற்றங்கரைத் திருவிழாவில் வருஷா வருஷம் வரிசையாகக் கடை போடுவார்கள். நடுவில் ஓட்டை போட்ட வளையம், சடை மாதிரி பின்னியது, தலையணை மாதிரி உப்பியது, பழப்பாகு அடைத்த உருண்டை. ஊரே உதட்டில் சர்க்கரையோடு அலையும். இவர் தலை தெரிந்தால் மட்டும் இருக்கிற எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றிப் பொரித்து நீட்டுவார்கள். அது சோகை பிடித்த முகம் மாதிரி வெளுத்துக் கிடக்கும். நாலு ஈடு வெந்த எண்ணெயில்தான் நிறமும் மணமும் ஏறும். சட்டம் எழுதியவனுக்கு இது தெரியாது. மூக்கு சாருக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? ஒருநாளும் கிடைத்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் திருவிழா. ஊரார் தின்பதை இன்றைக்குத் தின்றே தீர்வது என்று கிளம்பினார். மீசையை மழித்தார். மைத்துனனின் பூப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார்.

"பார்க்கச் சகிக்கல," என்றாள் கூடவே கிளம்பிய மனைவி. "வாயைத் திங்கறதுக்கு மட்டும் திறங்க. புண்ணியமாப் போகும்."

வளையக் கடையில் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பொன்னிறத்தில் ஒன்று கைக்கே வந்துவிட்டது. கை சும்மா இருக்குமா? கட்டைவிரலால் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தது. மூக்கு சட்டிப் பக்கம் நீண்டது. வாய் தன்பாட்டுக்குக் கேட்டது: "எண்ணெய் எப்ப மாத்துனீங்க?"

"ஐயோ, சாரா! இருங்க சார், புதுசு ஊத்திடறேன்!" கடைக்காரர் அவர் கையில் இருந்த வளையத்தைப் பிடுங்கிக்கொண்டார். சேதி அடுத்த கடைக்குப் போனது, அதற்கடுத்த கடைக்கும் போனது. வரிசையாக அடுப்புகள் அணைந்தன. பசியோடு நின்ற கூட்டம் மூக்கு சாரின் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டியது.

"நான் ரிட்டயர்டுங்க! நம்புங்க!" என்று கத்தினார். ஒருத்தரும் நம்பவில்லை. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவருக்கு அழுகையே முட்டியது.

கோடியில் ஒரே ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அங்கே மாவைச் சடையாகப் பின்னிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அக்கா, நான் வந்து..."

"தெரியுது. மூணு தடவை என் சட்டியைக் கவுத்த ஆளாச்சே. போய் வரிசையில நில்லுங்க."

"அடுப்பை அணைக்கலையா?"

"எதுக்கு? இப்ப நீங்க யாரு?"

இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. எட்டுப் பேருக்குப் பின்னால் போய் நின்றார். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. முறை வந்தது. காலையில் ஊற்றிய எண்ணெயில் நன்றாகச் சிவந்த சடை. கடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சூடு என்று மனைவியிடம் புளுகினார்.

பிறகு கடைக்கார அக்காவைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அன்னிக்கு நான் கவுத்த சட்டியில இருந்ததும்... இப்படித்தான் இருந்திருக்குமா?"

"இதைவிட நல்லா இருந்துச்சு."

மூக்கு சார் மிச்சமிருந்த துண்டை வாயில் போட்டுக்கொண்டார். திரும்பவும் வரிசையின் கடைசிக்கு நடந்தார்.