விளக்கு விழும் சுவர்

கார் கிளம்பவில்லை என்று போனால், எங்கள் மெக்கானிக் உடனே பானெட்டைத் திறக்க விடமாட்டார். "முதல்ல ஹெட்லைட்டைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, காருக்கு முதுகைக் காட்டி, பட்டறையின் எதிர்ச்சுவரைப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். மற்ற மூன்று சுவர்களும் கரி பிடித்துக் கிடக்கின்றன. இதற்கு மட்டும் வருடம் தவறாமல் சுண்ணாம்பு அடிப்பார். ஒரு காலண்டர் மாட்டக்கூட யாருக்கும் அனுமதி கிடையாது. எங்கள் தெருவில் அவருக்குச் சினிமாக்காரர் என்று பெயர்.

சாவியைத் திருப்பச் சொல்வார். சுவரில் விழும் வெளிச்சம் மெல்ல மஞ்சளானால் பேட்டரி சோர்ந்திருக்கிறது. அசையாமல் நின்றால் ஸ்டார்ட்டருக்குக் கரன்ட் போய்ச் சேரவில்லை. பட்டென்று அணைந்து, சாவியை விட்டதும் திரும்பி வந்தால், எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. வித்தை இவ்வளவுதான். ஆனாலும் அவர் பார்க்கும்போது பக்கத்தில் நின்றால் நமக்கும் கண் சொக்கும். கையிலுள்ள டீ ஆறிப்போகும். கார்க்காரர் அவசரப்பட்டால், "பொறுங்க, சொல்லிக்கிட்டிருக்கு" என்பார். எந்த வண்டியும் அவரிடம் இரண்டு தடவைக்கு மேல் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மகளின் கார் கிளம்பவில்லை. மனைவி போன பிறகு அவருக்கு இருக்கும் ஒரே துணை அந்தப் பெண்தான். எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஓர் ஊரில் புது வேலை. மறுநாள் சேர வேண்டும். பெட்டி, தலையணை, துணி காயப்போடும் கயிறு வரை பின்சீட்டில் ஏறியாகிவிட்டது. நாலு பேராகச் சேர்ந்து காரைப் பட்டறைக்குள் தள்ளினோம்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "திருப்பும்மா."

வெளிச்சம் பட்டென்று அணைந்தது, திரும்பி வந்தது. எனக்கே புரிந்துவிட்டது. பேட்டரி முனையில் ஒரு நட்டை இறுக்கினால் போதும், அரை நிமிட வேலை. பள்ளிக்கூடச் சீருடையில் சீட்டு நுனியில் உட்கார்ந்து அவருக்காகச் சாவி திருப்பியே வளர்ந்தவளுக்குப் புரியாமலா இருக்கும்?

"சரியாத் தெரியலம்மா. இன்னொரு தடவை" என்றார்.

அணைந்தது, வந்தது. போர்வை எடுத்துக்கொண்டாளா என்று கேட்டார். எடுத்திருந்தாள். இன்னொரு தடவை. அங்கே தங்கப்போகும் அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார். தெருப் பக்கம். இன்னொரு தடவை. வெள்ளைச் சுவரில் பொழுது விடிவதும் அடைவதுமாக இருந்தது. வண்டி தள்ள வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். எனக்குத்தான் போக மனசு வரவில்லை.

ஐந்தாவது தடவைக்குப் பிறகு அவரே பெருமூச்சுவிட்டு எழுந்தார். பத்தாம் நம்பர் ஸ்பேனர் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பானெட் பக்கம் நடந்தார்.

"உட்காருங்கப்பா" என்றாள் மகள். "எனக்கும் சரியாத் தெரியல."

அவர் கேட்காமலே, சுவரைப் பார்த்தபடி மறுபடியும் சாவியைத் திருப்பினாள்.