குழாயக்காவின் கண்

துணி ஆலையில் அவளுக்குக் குழாயக்கா என்று பட்டப்பெயர். எந்நேரமும் கண்ணில் தண்ணீர் கொட்டுவதால் வந்த பெயர். வைத்தது யாரென்று தெரிந்திருந்தால் காதைத் திருகிக் கையில் கொடுத்திருப்பாள்.

விளக்கு எரியும் கண்ணாடி மேஜைமீது ஓடும் துணியில் ஓட்டை, கறை கண்டுபிடிப்பது அவள் வேலை. இமைத்தால் ஓட்டை தப்பிவிடும். பதினோரு வருடமாக இமைக்காமல் பார்த்துப் பழகிவிட்டாள். பஞ்சு படியாமலிருக்க எதிரே ஒரு ஃபேன் வைத்திருந்தார்கள். அதன் காற்று மொத்தமும் அவள் முகத்தில்தான்.

இத்தனைக்கும் அவள் அழுமூஞ்சி கிடையாது. கோபக்காரி. ஆனால் தெருவே அவள் புருஷனை முறைத்தது. பால் வாங்கப் போன மனுஷன் ஒருநாள் வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

"பொண்டாட்டிய அடிக்காதன்னு கடைக்காரம்மா எனக்குப் புத்தி சொல்றாங்க. நீ முதல்ல டாக்டர்கிட்ட போ."

டாக்டர் மஞ்சள் சொட்டு விட்டு, விளக்கடித்துப் பார்த்தார்.

"கண்ணு காஞ்சு கிடக்கும்மா."

"காஞ்சிருந்தா ஏன் டாக்டர் தண்ணி கொட்டுது?"

"இமைச்சாதான் கண்ணுல ஈரம் பரவும். நீங்க இமைக்கறதே இல்ல, போதாததுக்கு ஃபேன் காத்து வேற. காஞ்சு உறுத்துதா, கண்ணு தண்ணிய விட்டு அலசப் பாக்குது. அது தங்காம வழிஞ்சிடுது. சொட்டு மருந்து போடுங்க, அப்பப்ப இமைங்க. அந்த ஃபேன திருப்பி வைக்கச் சொல்லுங்க."

மறுநாள் வேலைக்குப் போனால், துணி பார்க்கும் பிரிவின் தலைமைப் பொறுப்பு நேற்று வந்த ஒருத்திக்கு என்றார்கள். நல்ல துணியில் குத்தும் முத்திரை இனி அவள் கையிலாம். பதினோரு வருடம் இவள் காத்திருந்தது அந்த முத்திரைக்குத்தான். நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். பாழாய்ப்போன கண் அங்கேயும் கொட்டித் தொலைத்தது.

"அழாதம்மா" என்றார் மேனேஜர்.

"அழல சார். கோவமா இருக்கேன்."

"வீட்ல பிரச்சனைன்னு எல்லாருக்கும் தெரியும். இந்த நிலைமைல உனக்கெதுக்கு பொறுப்பு? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். மேனேஜர் சிரித்தார்.

"நானும் அந்த மேஜைல இருந்து வந்தவன்தான். எனக்கு ஒண்ணும் வரலையே."

"அப்ப ஃபேன் கிடையாது சார். இப்ப வந்து உக்காந்து காட்டுங்க."

கதவு திறந்திருந்தது, எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. இனி மறுக்க முடியுமா? சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் ஃபேனைப் போட்டாள், துணியை ஓடவிட்டாள்.

"இமைக்காதீங்க சார்."

கால்வாசித் துணி போவதற்குள் இரண்டு ஓட்டையைக் கோட்டை விட்டார். இரண்டு தடவையும் மெஷினை நிறுத்தி, ஓட்டை இருந்த இடத்தில் அவள்தான் அடையாள ஸ்டிக்கர் ஒட்டினாள். பாதித் துணி போனபோது அவர் வலது கண் நிறைந்து மூக்கோரம் வழிந்தது. பிறகு இடது கண். சுற்றியிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

அவள் தன் கைக்குட்டையை நீட்டினாள்.

"வீட்ல ஏதாவது பிரச்சனையா சார்?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் கைக்குட்டையை வாங்கிக்கொண்டார்.

"தொடச்சிக்கிட்டு அந்த முத்திரைய எடுத்துட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன்" என்றாள். அவள் கண் இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. துடைக்கவில்லை.