ஐந்து நட்சத்திர ஊர்

என் கணவரின் தங்கை கொழும்பில் கணினிக் கம்பனி வேலையை விட்டுவிட்டுத் திருகோணமலைக்கு வந்த புதிதில், எங்கள் ஊரில் பெருங்குறை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தாள். நல்ல பிளம்பர் யார், கரண்ட் வேலைக்கு யாரைக் கூப்பிடலாம், தேங்காய் பிடுங்க யார் வருவார் என்று சொல்ல ஒரு செயலி இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்லுவார்கள் என்றேன். பக்கத்து வீட்டை நம்பி எந்த நாடும் முன்னேறியதில்லை என்றாள். நான் வேலை பார்த்த, துறைமுகத்தடிக் கப்பல் முகவர் கந்தோரை அப்போதுதான் மூடியிருந்தார்கள். நாட்டை முன்னேற்ற எனக்கும் நேரம் இருந்தது. அவள் செயலியைச் செய்தாள், போனில் கதைக்கும் வேலை எனக்கு.

"நாங்கள் ஒருத்தரையும் தேடித் திரியத் தேவையில்லை மச்சாள்," என்றாள். "விபரத்தைச் சனமே தரும். அதுதான் இதின்ர அழகு."

சனம் தந்தது. தன் சொந்தக்காரரையெல்லாம் தந்தது. லிங்கநகரில் ஒருவர் தன் மச்சானை மேசன், பெயின்டர், கிணறு இறைப்பவர் என்று மூன்று இடத்தில் பதிந்திருந்தார். நான் அழைத்து, "உங்கட மச்சான் உண்மையில என்ன வேலை செய்யிறவர்?" என்று கேட்டேன்.

"இப்ப ஒண்டும் செய்யேல்லை. அதுதான் போட்டனான்."

அடுத்ததாக விமர்சனங்கள் வரத் தொடங்கின. எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம். கரண்ட் வேலை செய்பவர் ஒருவருக்கு, 'தங்கமான மனுசன், எங்கள் அப்பாவின் செத்தவீட்டில் கடைசிவரை நின்றவர்' என்று எழுதியிருந்தார்கள். லைட் எரிந்ததா என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. இன்னொன்று எனக்கு மனப்பாடம்: 'மேசன் கேட்டைத் திறந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். தெருவில் திரியும் மான்கள் வந்து பூக்கன்று முழுவதையும் தின்றுவிட்டன. மற்றும்படி அருமையான வேலை.' அதற்கும் ஐந்துதான்.

உண்மை வேறு வழியாக வந்தது. ஒரு மேசனை வானளாவப் புகழ்ந்து எழுதிய அம்மா ஒருவர் அன்று மத்தியானமே எனக்கு அழைத்தார்.

"தங்கச்சி, அந்தாளை ஒருத்தருக்கும் குடுத்திடாதேங்கோ. சுவர் முழுக்கக் கோணல்."

"அப்ப ஏன் அஞ்சு போட்டனீங்கள்?"

"வேற என்ன செய்யிறது? அவரின்ர மனிசியைக் கோயிலில வெள்ளிக்கு வெள்ளி பாக்கிறனான் எல்லோ."

பெயர் போடாமல் எழுதலாம் என்று மச்சாள் (நான் அவளுக்கு மச்சாள் என்றால் அவளும் எனக்கு மச்சாள்தான்) செயலியை மாற்றினாள். சனம் பெயர் போடாமல் எழுதிவிட்டு, அடியில் 'இப்படிக்கு, பள்ளிக்கூடத்துக்கு முன்வீட்டு டீச்சர்' என்று கையெழுத்து வைத்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் குசினிக் குழாய் சொட்டத் தொடங்கியது. எங்கள் செயலியிலேயே முதலிடத்தில் நின்ற பிளம்பரைக் கூப்பிட்டேன். வந்தார், பாதி நேரம் போனில் கதைத்தார், எதையோ இறுக்கினார், போனார். விடிந்து பார்த்தால் அலுமாரிக்குக் கீழே தண்ணீர் நின்றது. நான் உட்கார்ந்து, என் பெயரையும் போட்டு எழுதினேன்: 'முன்பு சொட்டியது. இப்போது ஓடுகிறது. இரண்டு நட்சத்திரம்.'

"இதுதான் மச்சாள், எங்கட முதல் உண்மையான விமர்சனம்," என்று அவள் கண் கலங்காத குறையாகச் சொன்னாள். எனக்கும் ஊருக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டதுபோல் இருந்தது.

ஊர் அப்படி நினைக்கவில்லை. மாமியாரின் தங்கை அழைத்து, பிள்ளைகுட்டிக்காரனை இப்படிச் சந்திக்கு இழுக்கலாமா என்று கேட்டார். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "எனக்கும் இவவுக்கும் சம்பந்தமில்லை எண்டு நானும் ஒண்டு எழுதட்டோ?" என்றார். குழாய்க்கு வேறு ஆள் தேடினேன். "ஐயோ அக்கா, நீங்கள் எழுதுற ஆள் எல்லோ, எனக்கு ஏலாது" என்றார் ஒருவர். மற்றவர்கள் போனையே எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் அந்தப் பிளம்பரே வந்தார். கதிரையில் உட்கார்ந்து, போனை எடுத்து, நான் எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டினார்.

"ரெண்டு சரிதான் அக்கா. நிலாவெளியில ஹோட்டல் வேலை ஒண்டு, அவசரத்தில ஓடினனான். ஆனா என்னைப் பற்றி நீங்கள் எழுதலாம். உங்களைப் பற்றி நான் எங்க எழுதுறது?"

"என்னைப் பற்றி எழுத என்ன இருக்கு?"

"பின்னால நிண்டு கதைச்சுக்கொண்டே இருந்தனீங்கள். டோர்ச்சைப் பிடியுங்கோ எண்டா, சுவருக்குப் பிடிச்சனீங்கள். ஒரு வாய் தண்ணி தரேல்லை."

தண்ணீர்தான் குசினி நிறைய இருந்ததே என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். வாசலில் நின்ற மச்சாள் என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். அவள் கொம்பியூட்டரை எடுக்க ஓடிவிட்டாள்.

பிளம்பர் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார். அந்த மாதமே, வேலைக்கு வருபவர்கள் வீட்டுக்காரருக்கு நட்சத்திரம் போடும் வசதி செயலியில் வந்தது. வீட்டுக்காரருக்கு இருந்த நாகரிகமெல்லாம் இவர்களுக்கு இருக்கவில்லை. 'நாய் இல்லை என்றார்கள். இருக்கிறது.' 'தேத்தண்ணி நல்லம், கதைதான் கூடிப்போச்சு.' 'ஐயாவுக்கு எல்லா வேலையும் தெரியும். ஏன் கூப்பிட்டார் என்று தெரியவில்லை.'

யாரைப் பற்றியும் ஒரு குறை சொல்லத் தெரியாத எங்கள் ஊர், அயல்வீட்டின் குறையை வாசிக்க முண்டியடித்துக்கொண்டு செயலியைப் போனில் இறக்கியது. கிண்ணியா, மூதூர் என்று அது பரவியது. மேசன்மாருக்கு மின்விசிறியும் கேக்கும் வைத்தார்கள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் எனக்கு அழைத்து, வடை கொடுத்தும் தனக்கு நான்குதான் வந்திருக்கிறது, மறுகூட்டல் வேண்டும் என்றார். விசாரித்தேன். வடை முதல்நாள் வடையாம்.

கொழும்பில் ஒரு போட்டிக்கு மச்சாள் இதைக் கொண்டுபோனாள். மக்களுக்குள் இருக்கும் பரஸ்பர நம்பிக்கையில் கட்டிய சேவை என்று மேடையில் சொன்னாள். சிரிக்கவே இல்லை. பரிசும் கிடைத்தது.

அண்மையில் எங்கள் குளியலறைக்கு மாபிள் பதிக்கக் கிண்ணியாவிலிருந்து ஒருவர் வந்தார். நான் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் முன்னறையில் இருந்தேன். இரவு மச்சாள் போனை நீட்டினாள். நான்கு நட்சத்திரம். 'அக்கா மிக நல்லவர். ஐயாவை எங்கேயாவது அனுப்பியிருந்தால் ஐந்து.'

என் கணவர் அதை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இதற்குப் பதில் எழுதும் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.