ஊசி படாத கை

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் அக்கா யார் முகத்தையும் பார்க்க மாட்டார். ஒடிசலான உடம்பு. பார்வை நம் முழங்கை மடிப்பிலேயே நிற்கும்.

மாமன் மகளைத்தான் கட்டியிருந்தேன். மூன்று மாதக் கர்ப்பம். அவளுக்குத் தலசீமியா என்னும் பரம்பரை ரத்தக் குறை லேசாக இருந்தது. எனக்கும் இருந்தால் குழந்தைக்குப் பெரிதாக வரலாம், கருவையே சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். ரத்தத்தில் குறை என்று தெரிந்தால், நான் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் கார் கம்பெனியில் நிரந்தரமாக்க மாட்டார்கள் என்று அசெம்பிளி லைனில் பேச்சு. எங்கள் வீட்டிலேயே பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அப்படியும் பயந்து, பக்கத்தில் வேலை செய்யும் நண்பனை என் பெயரில் ரத்தம் கொடுக்க அனுப்பினேன்.

மூன்றாம் நாள் மனைவியோடு ரிப்போர்ட் வாங்கப் போனேன். அந்த அக்கா காகிதத்தைத் தராமல் என் கையைப் பிடித்து, மடிப்பைக் கட்டைவிரலால் தடவினார். விரல் சில்லென்றிருந்தது.

“இதுல ஒண்ணும் இல்லன்னு வந்துகீது. ஆனா அன்னிக்கி வந்தது இந்தக் கை இல்லியே தம்பி.”

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

“உன் பேர்ல வேற எங்கெல்லாம் அவன அனுப்பிக்கினு கீறே?”

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன்.

எனக்கும் குறை இருந்தது. சென்னையில் கருவைச் சோதித்து, குழந்தைக்கு நோய் இல்லை என்றார்கள். அந்த அக்காவைக் கும்பிடத் தோன்றும். ஆனால் தெருவில் எதிரே வந்தால் ஒதுங்கிவிடுவேன். இப்போதும் வேலை முடிந்து கதவைத் தட்டினால் மனைவி உடனே திறப்பதில்லை. ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளை எடுக்கிறாள்.