தொசிந்தாவின் கல்லெழுத்து

உளியைத் தொடுவதற்கு முன் வாசகத்தை உரக்கப் படித்துக் காட்டிவிடுவார் தொசிந்தா. கேட்கிற குடும்பம் தலையாட்டினால்தான் கல்லறைக் கல்லில் முதல் வெட்டு. முப்பது வருடமாக இதே வழக்கம். மூக்கு நுனியில் கல்தூசி, காதில் பென்சில், கன்னத்தில் ஒதுக்கிய சோம்பு மிட்டாய்.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் எங்கள் கலீசியாவில் ஆயுசு முழுக்கக் கலீசிய மொழியில் பேசியவரைப் புதைத்துவிட்டு, மேலே ஸ்பானிய மொழியில் எழுதி வைப்போம். டாக்டர் முன்னாலும் வக்கீல் முன்னாலும் வாயில் வருகிற அதே மரியாதை மொழி. தொசிந்தாவுக்கு இது ஆகவே ஆகாது. எழுநூறு வருடத்துக்கு முந்தைய மடத்துக் கல்லறை ஒன்றிலிருந்து தாளில் கரி தேய்த்து எடுத்த கலீசிய எழுத்து பட்டறைச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்களை அதன்முன் நிறுத்தி ஒரு பாட்டம் பேசாமல் விடமாட்டார்.

"லத்தீனுக்குப் பொறந்தது. போர்ச்சுகீசும் இதுவும் ஒரு வயித்துப் பிள்ளைங்க. ராஜாவே இதுலதான் பாட்டுக் கட்டினாரு. அப்புறம் பெரிய மனுஷங்க கைவிட்டாங்க, முந்நூறு வருஷம் எழுத ஆளில்ல. நம்ம வாய்தான் காப்பாத்துச்சு."

கல்லறைகளுக்குப் பூ வைக்கும் சகல புனிதர் திருநாளுக்கு முந்தின வாரம், கணவர் கசியானோவின் கல்லுக்காக எர்மித்தாஸ் வந்தார். கையில் ஸ்பானிய வாசகம்.

"அவரு மாட்டைத் திட்டினது எதுலக்கா?" என்றார் தொசிந்தா.

"நம்ம பேச்சுலதான்."

"உன்னைக் கட்டிக்கறேன்னு சொன்னது?"

"அதுவும்தான். வாய் வேற, கல்லு வேறடி. ஊரு சிரிக்கும். இவ்வளவு பேசறியே, உங்கம்மா கல்லுல எதுல வெட்டின?"

இருபது வருடத்துக்கு முன், ஊர் வாய்க்குப் பயந்து அம்மாவுக்கு ஸ்பானிய மொழியில் வெட்டியவர் தொசிந்தாவேதான். அதை நினைத்தால் இன்றும் அவருக்கு வெட்கம். காகிதத்தை வாங்கி, வழக்கப்படி ஸ்பானிய மொழியில் படித்தார்.

"தங்கள் துணைவியார் தங்களை ஒருபோதும் மறவார்."

எர்மித்தாஸ் முகம் சுளித்தார். "வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கேடி."

"நீயா இருந்தா எப்படிச் சொல்லுவ?"

"கசியானோ, உன்னை மறக்கமாட்டேன்யா." சொன்னது கலீசிய மொழியில். சொல்லிவிட்டு எதையோ தேடுவதுபோல் கைப்பையைக் கிளறினார். கைக்குட்டை கிடைக்க நேரமாயிற்று. "அப்படியே வெட்டுடி."

திருநாளன்று கல்லறைத் தோட்டம் முழுக்கச் சாமந்தி. கசியானோவின் கல்லைச் சுற்றிக் கூட்டம். ஒருவரும் சிரிக்கவில்லை. "எர்மித்தாஸ் அக்கா பேசற மாதிரியே இருக்கு" என்றார் ஒருவர். தொசிந்தா அங்கே நிற்காமல் அம்மாவின் கல்லுக்குப் போனார். பூக்களை ஒதுக்கி, கடைசி வரிக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தில் விரல்களை வைத்துப் பார்த்தார். நாலு விரல் இடம் இருந்தது, கலீசிய மொழியில் ஒரு வரிக்குப் போதும். காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.